நீல மூடிக் குழாயும் தாய்மாமன் மடியும்

காதணி விழா அழைப்பிதழைத் தங்கையின் கணவன் கர்ணன் விஜயபாண்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயில், வைகாசி கடைசி ஞாயிறு, காலை ஒன்பது முதல் பத்தரைக்குள். நடுவில் பதினோரு மாதப் பிள்ளை மகிழன் தலைப்பாகையும் கண்மையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு வலது பக்கத்தில், தங்க நிற எழுத்தில், 'தாய்மாமன் விஜயபாண்டி' என்று போட்டு அவனுடைய படத்தை வைத்திருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் தங்கையின் கல்யாணத்தில் எடுத்த படம் அது. அதில் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கல்யாணத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.

பெயரை மூன்று முறை படித்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்னால் நின்ற பெரியவருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினான்.

பழனிசெட்டிபட்டியில் மெயின் ரோட்டை ஒட்டிய ஆன்லைன் சென்டரில் அவனுக்கு வேலை. வயது முப்பத்தொன்பது. இடது முழங்கை முழுதாக நீளாது. வலது முழங்கால் முழுதாக மடங்காது. மடங்கிய கையும் நீட்டிய காலுமாகவே பட்டா மாறுதலும் பென்சன் மனுவும் தட்டச்சு செய்து, சென்டருக்குப் பின்னாலேயே ஒரு தரைத்தள அறையில் குடியிருந்தான். அறையில் ஒரு கட்டில், நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்கள், ஒரு சின்ன பிரிட்ஜ். பிரிட்ஜைத் திறந்தால் நான்கு மருந்துக் குப்பியும் ஒரு தயிர் பாக்கெட்டும் இருக்கும். ஐஸ் கட்டி எப்போதும் இருக்கும். மூட்டுக்குள் ரத்தம் கசியத் தொடங்கினால் முதலில் ஐஸ், பிறகு மருந்து. அதை நரம்பில் ஏற்றிக்கொள்ள அவனே பழகிக்கொண்டான். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்குவான்.

அவனுக்கு இருப்பது ஹீமோபிலியா. நம் உடம்பில் ஒரு காயம் பட்டால் ரத்தம் தானாக உறைந்துவிடுகிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ ஒரு டஜன் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டு, கடைசி ஆள் எழுந்து வலை பின்னினால்தான் அந்தக் காயம் அடைபடும். அதே ரத்தத்தில், உறைதலை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற ஆட்களும் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் காயத்தைத் தாண்டி நாளம் முழுக்க உறைந்து மாரடைப்பில் முடியும். விடுகிற கைக்கும் பிடிக்கிற கைக்கும் நடுவில் ஒவ்வொரு நொடியும் ஒரு கணக்கு ஓடுகிறது. விஜயபாண்டியின் ரத்தத்தில் அந்த வரிசையின் எட்டாவது ஆள் பெயருக்குத்தான் இருக்கிறான். மற்றவர்களுக்கு நூறு என்றால் அவனுக்கு இரண்டு.

அது தெரிந்ததே காது குத்தும்போதுதான். அவனுக்கு அப்போது ஒரு வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்தினார். முதலில் நின்றதுபோல இருந்தது. பந்தி முடிந்து எழும்போது மாமனின் பட்டு வேட்டி தொடைவரைக்கும் நனைந்திருந்தது. மஞ்சளை வைத்தார்கள், சுண்ணாம்பை வைத்தார்கள், காப்பித்தூளை வைத்தார்கள். மூன்று நாள் கசிந்தது. குறி கேட்டதில், பிள்ளையைப் பெற்றவள் தீட்டோடு கோயில் எல்லையை மிதித்துவிட்டாள் என்று வந்தது. அவன் அம்மா சங்கிலியம்மாளை அந்த மூன்று நாளும் கோயில் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். பிள்ளையின் காதில் வடிந்த ரத்தத்துக்குத் தண்டனை அவளுக்கு. அதை இப்போதும் நினைத்தால் விஜயபாண்டிக்கு முகம் சிவந்துவிடும். மாமன் அந்த வேட்டியை ஆற்றில் விட்டார். அதற்குப் பிறகு அவனை மடியில் தூக்கியதும் இல்லை, தன் மகளை அவனுக்குக் கொடுப்பதாக முன்பு சொன்னதை மறுபடி சொன்னதும் இல்லை.

நோயின் பெயர் தெரிந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. இந்தக் குறை தாயிடமிருந்து மகனுக்கு வரும். அவளுடைய மகளிடமும் மறைந்திருந்து, அவள் பெறும் மகனுக்கு வரலாம் என்று மதுரை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வரலாம், வராமலும் இருக்கலாம், சரிபாதி. தங்கை சந்தனம்மாளுக்கு அப்போது ஐந்து வயது. சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கல்யாணத்தின்போது, பெண் வீட்டில் சீக்கு இருக்கிறது என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். "அண்ணனுக்கு லாரியில் அடிபட்டு கால் போனது" என்று சொன்னார்கள். அவனும் ஒப்புக்கொண்டான். உட்கார்ந்தே இரு என்றார்கள். உட்கார்ந்தே இருந்தான்.

இப்போது காது குத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டான்.

"பத்திரிக்கை பாத்தேன் சந்தனம்."

"நல்லாருக்கா? ஒன் போட்டோவ வெட்டி ஒட்டுறதுக்கே அந்த ஸ்டூடியோக்காரன் ரெண்டு நாள் இழுத்தான்."

"பிள்ளைக்கு ரத்தம் பாத்துரலாம்."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது.

"ஒனக்கு எத்தன தடவதாண்ணே சொல்றது? பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நேத்துக்கூட கட்டில்ல நங்குன்னு இடிச்சான். ஒரு செவப்புகூட இல்ல."

"எனக்கும் காது குத்துற வரைக்கும் ஒண்ணும் தெரியலயாம்."

"மெதுவாப் பேசு. அத்த அடுப்படியில இருக்காக." குரலைத் தாழ்த்தினாள். "இன்ன டெஸ்ட்டுன்னு சொல்லி நான் எப்பிடிப் பிள்ளையத் தூக்கிட்டு வருவேன்? ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? ஒன் காலு லாரியில போகலன்னு சொல்லவா?"

"காய்ச்சல்னு சொல்லிட்டு வா."

"இந்த வீட்டுல காய்ச்சலுக்கு நாலு பேரு கூட வருவாக. ஒனக்கென்ன, நீ ஒத்தக் கட்ட. நான் இங்கன பொழைக்கணும்."

போன் வைக்கப்பட்டது. 'ஒத்தக் கட்ட' என்பதை அவள் திட்டமிட்டுச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

இது முதல் முறை அல்ல. பிள்ளை பிறந்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது. பிரசவமான எட்டாம் நாள் சந்தனத்துக்கு ரத்தப்போக்கு நிற்காமல் மூன்று பாட்டில் ஏற்றினார்கள்; பிழைத்ததே பெரிது என்றிருந்த வீட்டில் எப்படிப் பேசுவது என்று தள்ளிப் போட்டான். பிறகு தடுப்பூசி போட்டபோதெல்லாம், "ஊசி போட்ட எடம் வீங்குச்சா?" என்று கேட்டான். நான்காவது ஊசிக்குப் பிறகு அவள் ஊசி போட்டதையே சொல்வதை நிறுத்திவிட்டாள். பதினோரு மாதமாக ஒரு பச்சைப் பிள்ளையின் உயிரைவிட ஒரு பொய்யின் மானத்தைப் பெரிதாகப் பார்த்திருக்கிறோம் என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஓடைப்பட்டிக்குப் போனான்.

கர்ணனின் வீட்டு வாசலில் திராட்சைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கர்ணனின் அப்பா அம்மாவாசி பெட்டிகளுக்கு மேல் காகிதம் பரப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கிண்டல் நாக்கு.

"வாங்க மாப்ள, வாங்க! சீர் பேச வந்தீகளாக்கும். கெடா ஒண்ணு போதும். ரெண்டாக் கொண்டாந்து எங்கள மெரட்டாதீக."

கர்ணன் நாற்காலி எடுத்துப் போட்டான். சந்தனம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"மாமா, ஒரு சேதி சொல்லணும். என் மடியில வச்சுக் காது குத்த முடியாது."

"ஏன் மாப்ள, வேட்டி அழுக்காயிரும்னா?" என்று சிரித்தார் அம்மாவாசி.

விஜயபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. "பிள்ளைக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். அதுல நல்லபடியா வந்தா என் மடி இருக்கு. எடுக்காம நான் வர மாட்டேன்."

"என்ன டெஸ்ட்டு?" என்று கேட்டது உள்ளிருந்து வந்த சோணையம்மாள், கர்ணனின் அம்மா.

சொன்னான். தன் காதைச் சொன்னான், முழங்காலைச் சொன்னான், லாரி எதுவும் இல்லை என்பதைச் சொன்னான். அது தொற்றாது, பிறப்பிலேயே வருவது என்றான். பெண் வழியாக இறங்குவது என்றான். சொல்லி முடித்தபோது தெருவில் போன ஒரு மினி பஸ்ஸின் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப கல்யாணத்துல பொய்யி சொன்னீக" என்றாள் சோணையம்மாள்.

"நான்தான் அத்த சொன்னேன். சந்தனத்துக்குத் தெரியாது."

ஒரு பொய்யை உடைக்க வந்த இடத்தில் இன்னொரு பொய்யை நட்டுவிட்டு அவன் தங்கையைப் பார்த்தான். அவள் பிள்ளையின் தலைமுடியில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவாசி கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "பத்திரிக்கை அடிச்சாச்சு. சொந்தத் தாய்மாமன் உசுரோட இருக்கையில வேற எவன் மடியிலயோ வச்சா ஊரு சிரிக்கும். அது நம்ம வழக்கத்துல இல்ல. அந்த டெஸ்ட்ட எடுத்துத் தொலைங்க."

எந்தக் கோயில் வழக்கம் அவன் அம்மாவை வெயிலில் நிறுத்தியதோ, அந்த வழக்கத்தைக் கொண்டே காரியத்தை முடித்தோம் என்பதில் விஜயபாண்டிக்குக் கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் முழங்கால் வீங்கத் தொடங்கியது.

வியாழக்கிழமை காலை தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கூடினார்கள். விஜயபாண்டிக்கு வைத்தியம் பார்க்கும் பெண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு பெயர் இருந்தது. பிள்ளைக்கு மட்டும் என்றுதான் அவன் கேட்டிருந்தான். "அம்மாவுக்கும் சேத்தே எடுத்துருங்க" என்று டாக்டர் தானாக எழுதியிருந்தார்.

ரத்தம் எடுக்கிற பெண்ணின் பெயர் கயல். கம்பத்துக்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். நீல மூடி போட்ட சின்னக் குழாயை வெளிச்சத்தில் காட்டினாள். அடியில் தண்ணீர்போலச் சில சொட்டுகள் கிடந்தன.

"இந்தத் திரவம் ரத்தத்துல இருக்கிற கால்சியத்தப் பிடிச்சு வச்சுக்கிரும். அது இல்லாம ரத்தம் உறையாது. அப்புறம் மெஷின்ல வச்சு கால்சியத்தத் திருப்பிக் குடுத்து, எத்தன நொடியில உறையுதுன்னு எண்ணுவோம். பிள்ளைய யாரு பிடிக்கிறீங்க?"

கர்ணன் பின்வாங்கினான், அவனுக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். சந்தனம் ஊசியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு பிள்ளையை அண்ணன் மடியில் வைத்தாள்.

விஜயபாண்டி வலது காலை நீட்டிக்கொண்டு, மடங்கிய இடது கையால் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தான். பிள்ளை கனமாக இருந்தான். பவுடரும் பாலும் கலந்து மணத்தான். இதற்கு முன் அவன் மருமகனை மடியில் வைத்திருந்தது ஒரே முறை, அதுவும் துணியில் சுற்றிய பத்தாம் நாள். ஊசி இறங்கியதும் மகிழன் மூச்சடங்க வீறிட்டான். குழாயில் ரத்தம் கொஞ்சம் ஏறியது. பிள்ளை கையை உதறினான். ஊசி நழுவிவிட்டது.

கயல் குழாயைத் தூக்கிப் பார்த்தாள். அதில் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. "பத்தாது. இன்னொரு தடவ எடுக்கணும்."

"என்னம்மா வெளையாடுறியா?" கர்ணன் கத்தினான். "இம்புட்டு எடுத்தது பத்தாதா? இருக்கிறத வச்சுப் பாரு!"

"இருக்கிறத வச்சும் பாக்கலாம் சார். நம்பர் வரும். ஆனா பொய்யா வரும். ரத்தம் கம்மியா இருந்தா இந்தத் திரவம் கூடிப்போயி, நல்லா இருக்கிற பிள்ளைக்கும் உறையலன்னு காட்டும். அப்புறம் காலம் பூரா சீக்காளின்னு சொல்லுவீங்க."

"போதும்ணே, போயிரலாம்" என்றாள் சந்தனம் அழுதுகொண்டே.

"எடும்மா" என்றான் விஜயபாண்டி கயலிடம். "மறு கையில எடு. நான் பிடிச்சுக்கிறேன்."

கர்ணன் அவனைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. அதை அவன் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டான். ஆனால் அப்போது அவன் பார்த்தது நீல மூடிக் குழாயை மட்டும்தான். இரண்டாவது முறை ரத்தம் கோட்டைத் தொட்டது. கயல் குழாயை ஆட்டாமல் மெல்லத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி எடுத்தாள். விஜயபாண்டி பஞ்சை வைத்துப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்தினான். பத்து நிமிடம் விரலை எடுக்கவில்லை. பிள்ளை அழுது களைத்து அவன் மடியிலேயே தூங்கிவிட்டான்.

அடுத்து சந்தனம் கையை நீட்டினாள். ஊசி எடுத்த இடத்தை அவளே அழுத்திக்கொண்டாள். எழுந்து போகும்போது பஞ்சைத் தாண்டி ஒரு சிவப்புக்கோடு மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கயல் கதவைத் திறந்து விஜயபாண்டியை மட்டும் கூப்பிட்டாள். அவனுக்கு நாலைந்து வருடமாக ரத்தம் எடுப்பவள். அவன் எண்ணை மனப்பாடமாகச் சொல்லுவாள். எழுபத்தெட்டு நொடி. சாதாரண ஆளுக்கு முப்பத்தாறுக்குள் உறைந்துவிட வேண்டும்.

"பிள்ளைக்கு முப்பத்துநாலுண்ணே. நார்மல்."

அவன் பக்கத்திலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டான். நிம்மதி, மார்பு முழுக்க நிம்மதி. அதற்குள்ளேயே, ஊசி முனை அளவுக்கு, வேறொன்றும் இருந்தது. இந்த ரத்தத்தோடு நான் மட்டும்தானா என்று ஒன்று உள்ளே கேட்டது. ஐஸ் வைக்கத் தெரிந்த, எழுபத்தெட்டு நொடியின் அர்த்தம் தெரிந்த இன்னொரு ஆள் இந்தக் குடும்பத்தில் வர மாட்டானா என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறோம் என்பது அந்த நொடியில்தான் அவனுக்கே தெரிந்தது. அது தெரிந்ததும் கூசிப்போனான்.

"அக்காவுக்குத்தான் கொஞ்சம் தள்ளி வருது. நாப்பத்திரண்டு. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"யாருக்கு?"

"சந்தனம் அக்காவுக்கு."

மதுரையில் எட்டாவது புரதத்தை மட்டும் தனியாக அளந்து பார்க்கச் சொன்னார்கள். கர்ணன் வரவில்லை, பிள்ளைக்கு மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு அண்ணனும் தங்கையும் பிள்ளையோடு போய்வந்தார்கள். ஒரு வாரத்தில் தாள் வந்தது. மகிழனுக்குத் தொண்ணூற்றாறு. சந்தனத்துக்கு இருபத்தாறு. ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டியது.

மதுரையில் விஜயபாண்டிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அம்மா தாளை மேஜைமேல் வைத்து நிதானமாகப் பேசினார். "கேரியர்னா சீக்கப் பிள்ளைக்குக் கடத்திவிடுறதோட சரின்னு நெனைக்கிறோம். இல்ல. பாதிப் பேருக்கு இப்படி அளவு கொறஞ்சிருக்கும். மாசா மாசம் எத்தன நாள் போகுது?"

சந்தனம் அண்ணன் பக்கம் பார்த்துவிட்டு, "பத்து நாள். எல்லாருக்கும் அப்பிடித்தானே" என்றாள்.

"எல்லாருக்கும் அப்படியில்ல. கர்ப்பத்துல இந்த அளவு தானா ஏறும், பிரசவம் முடிஞ்சதும் எறங்கிரும். அதான் எட்டாம் நாள் போயிருக்கு. இனிமே பல்லு புடுங்குறதா இருந்தாலும் இந்தத் தாளக் காட்டாம ஒக்காராதீங்க. அடுத்த மாசத்துலருந்து இங்க வாங்க. புதன்கிழமை. மருந்து இருக்கு."

வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிள்ளை அவள் தோளில் கிடந்தான். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே அவள் கேட்டாள்:

"அப்ப நம்ம அம்மாளுக்கும் இதேதானாண்ணே?"

சங்கிலியம்மாள் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு நாள் ரத்தம் போயே செத்தாள். விஜயபாண்டிக்கு அப்போது பதினாறு வயது. தன் நோயின் பெயர் தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாயிடமிருந்து வருவது என்று படம் போட்டுக் காட்டிய தாள் அவன் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்தத் தாளில் ஒரு பெண்ணைப் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் வரைந்திருந்தார் டாக்டர். அந்தக் கறுப்புப் பாதி அவள் உடம்பிலும் வேலை செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம், கிடைத்த புத்தகத்தையெல்லாம் தேடித் தேடிப் படித்தவன். ஆண்களுக்கு வரும் நோய் என்று அவை எழுதியதை அவனும் அப்படியே நம்பினான். குறி சொன்னவனை அவன் காலமெல்லாம் திட்டியிருக்கிறான். குறி சொன்னவன் அவளைக் குற்றவாளியாகவாவது பார்த்தான். இவன் பார்க்கவே இல்லை. அந்த வீட்டில் ரத்தம் நிற்காமல் போனவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்குத்தான் பெயரும் மருந்தும் கிடைத்தது.

"தெரியல சந்தனம்" என்றான். பிறகு, "இருக்கும்" என்றான்.

அவள் அழவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

காது குத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கர்ணன் ஆன்லைன் சென்டருக்கு வந்தான். ஒரு பெட்டி பன்னீர் திராட்சையைக் கவுண்டரில் வைத்தான். கூட்டம் போகட்டும் என்று பொறுமையாக ஓரமாக நின்றான்.

"டீ சொல்லட்டுமா மாப்ள?"

"வேண்டாம் மச்சான்." கர்ணன் திராட்சைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தப்பா எடுத்துக்கிறாதீக. பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு. நல்லது. ஆனா வீட்டுல பெரியவுக ஒண்ணு சொல்றாக. நல்ல ரத்தம்னு வந்தபெறகு எதுக்கு அந்த மடியிலன்னு... சாமி காரியம்... ரத்தம் படுற எடம் பாருங்க."

விஜயபாண்டி தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"தொத்தாதுன்னு சொன்னேனே."

"எனக்குத் தெரியும் மச்சான். தொத்தாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம்?"

கர்ணன் பெட்டியின் ஓரத்தை நகத்தால் கீறினான். "பொட்டிப்புரத்துத் தங்கபாண்டி இருக்காருல்ல, ஒங்க பெரியப்பா மகன். அவரும் தாய்மாமன் மொறதானே. அவரு மடியில வச்சுக்கிரலாம்னு அப்பா சொல்றாக."

சொந்தத் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடியில் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று பதினேழு நாளுக்கு முன் சொன்னவர் அதே அப்பாதான். வழக்கம் என்பது வேண்டியபோது இரும்பு, வேண்டாதபோது மெழுகு. லாரியில் அடிபட்டவனாக இருந்தவரைக்கும் அவன் மடி சுத்தமாக இருந்தது. உண்மையைச் சொல்லி, எண்ணோடு நிரூபித்து, பிள்ளைக்குப் பயமில்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்த பிறகு அது நோயுள்ள மடியாகிவிட்டது. அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எதிரே வருமானச் சான்றிதழுக்கு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"பத்திரிக்கையில எம் பேரு இருக்கே?"

"அது மேல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு."

"சரி."

கர்ணன் போகாமல் நின்றான். "கடுக்கன் மட்டும் நீங்க செஞ்சதையே போட்டுக்கிரலாம்னு அத்த... எங்க ஆத்தா சொன்னாக. அதக் குடுத்துவிட்டா..."

விஜயபாண்டி அவனை நிமிர்ந்து பார்த்தான். ஒரு நொடி, இல்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. பிறகு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, பின்னாலிருந்த அறைக்குப் போனான். பிரிட்ஜ் மேலிருந்த சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்தான். கடுகு அளவு இரண்டு பொன் கடுக்கன். பிள்ளைக்குக் கனக்கக் கூடாது என்று தட்டாரிடம் சொல்லிச் சொல்லிச் செய்தது. கொண்டு வந்து கவுண்டரில் வைத்தான்.

"திருகாணி கெட்டியா இருக்கும். ஆசாரிக்கிட்டச் சொல்லுங்க, முறுக்கி ஏத்த வேண்டாம்னு. அப்புறம், ஊசியச் சுடவச்சு ஆறவிட்டுக் குத்தச் சொல்லுங்க. பழைய ஊசி வேண்டாம்."

"சரி மச்சான்" என்றான் கர்ணன். அவன் கண் கலங்கியிருந்ததுபோல இருந்தது. ஆனால் பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறு காலை சென்டருக்கு விடுமுறை. விஜயபாண்டி எட்டு மணிக்கே குளித்து, அன்றைக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். ஏன் போட்டோம் என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். புத்தகத்தைத் திறந்தான், மூடினான். திராட்சைப் பெட்டி பிரிக்காமல் மூலையில் இருந்தது. ஒன்பதாயிற்று. ஒன்பதரை ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே பெரியகுளம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

பத்து மணி ஆக ஏழு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. சந்தனம்.

"சந்தனம்?"

முதலில் மேளச் சத்தம், அதற்கு மேல் பெண்களின் குலவை. யாரோ "தலையப் பிடி தங்கபாண்டி, ஆட்டுறான் பாரு" என்றார்கள். போனை அவள் இடுப்பிலோ முந்தானையிலோ செருகி வைத்திருக்க வேண்டும்; துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு பிள்ளை வீறிட்டான். அந்த அழுகையை அவனுக்குத் தெரியும். தேனியில் அவன் மடியில் கேட்ட அதே அழுகை.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நொடி முள் நகர்ந்தது. பத்து. இருபது. முப்பது. முப்பத்துநாலைத் தாண்டியது. இரண்டாவது காதுக்கு மறுபடி வீறிட்டான். மறுபடி எண்ணினான். குழாயில் உறைகிற கணக்கு காதில் உறைகிற கணக்கு அல்ல என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினான். மேளம் ஓய்ந்தது. அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகி, தேய்ந்தது. சத்தங்கள் தூரமாயின, அவள் எங்கோ தள்ளி நடந்து போகிறாள்.

"அண்ணே."

"சொல்லு."

"நின்னுருச்சுண்ணே. ரெண்டு சொட்டு. அம்புட்டுத்தான். நான் தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டேன்."

"சரி."

"கடுக்கன் நல்லாருக்கு."

அவன் பிரிட்ஜ் மேல் சிவப்புப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"எனக்கு வரச் சொன்னாகளே, அது புதன்கிழமைதானே?"

"புதன். மதுரைக்கு."

"இங்கன யாருக்கும் சொல்லல. சொன்னா, இருக்கிறதும் போச்சுங்கிற மாதிரி பேசுவாக. நான் சின்னமனூருக்குத் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத் தேனிக்கு வந்துருவேன். நீ பஸ் ஸ்டாண்டுல நில்லு."

"நிக்கிறேன்."

"நிக்காத, எங்கயாச்சும் ஒக்காந்திரு" என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன் அத்த!" என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அறையில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. விஜயபாண்டி போனைக் கட்டிலில் வைத்தான். அப்போதுதான் கவனித்தான்: அவ்வளவு நேரமும் அவனுடைய வலது கட்டைவிரல், மடங்கிய இடது முழங்கையின் உள்பக்கத்தை, பஞ்சு வைத்து அழுத்துவதுபோல இறுக்கி அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் நீலம் பாய்ந்திருக்கும். எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் ஆகும்வரை அப்படியே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.